நீல டிரம்மும் லூக்கா பத்தும்: ஒரு பெங்களூர்த் தமிழ்க் குடும்பம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் சிறுமிக்கு அப்போது 12 வயது. சபையின் வசனப் போட்டியில் லூக்கா பத்தாம் அதிகாரம் 25 முதல் 37 வரை, அதாவது வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் உவமையை, ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்து முதல் பரிசு வாங்கியவள். அதே லெந்து காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்), 2024 மார்ச் மாதம், எதிர்வீட்டுப் பாட்டி இரண்டு குடம் தண்ணீர் கேட்டு வந்து நின்றார். கழுத்து வரை நிரம்பியிருந்த டிரம்மை மூடிவிட்டு வந்து, "இல்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்தியவளும் இவள்தான்.

ஞாயிறு பள்ளியில் பெற்றோர் சந்திப்பைப் பார்த்துக்கொள்கிறவர்களில் நானும் ஒருத்தி என்பதால் இந்த விஷயம் என்னிடம் வந்தது. பெற்றோரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்கள், சபை, தெரு எதுவும் இதில் இல்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சிறு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

குடும்பமும் காம்பவுண்டும்

இடம், ராமமூர்த்தி நகருக்கும் கே.ஆர். புரத்துக்கும் நடுவில் ஒரு காம்பவுண்டு. உள்ளே ஆறு வாடகை வீடுகள், பொதுவில் ஒரு சம்ப், மாடியில் இரண்டு சின்டெக்ஸ் டேங்க்.

அப்பா கே.ஜி.எஃப்.காரர். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு கோலார் தங்கவயலிலிருந்து வேலை தேடி பெங்களூர் ரயிலைப் பிடித்த தலைமுறை. கொஞ்ச காலம் தினமும் ரயிலில் வந்து போய், பிறகு இங்கேயே வீடு பார்த்துக்கொண்டார். பட்டறையில் மெஷின் வேலை. அம்மா பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். தனியார் மருத்துவமனை ஒன்றில் லேப் டெக்னீஷியன், ஷிப்ட் டியூட்டி. அப்பாவின் அம்மாவும் கூடவே இருக்கிறார். பிள்ளைகள் அவரை ஆயா என்று கூப்பிடுகிறார்கள். மகள் ஏழாவது, மகன் நாலாவது.

எதிர்வீட்டில் மண்டியா பக்கத்துக் கன்னடக் குடும்பம். கம்பெனி கேப் ஓட்டும் மகன், மருமகள், கைக்குழந்தை, மூட்டுவலியோடு நடமாடும் பாட்டி. காம்பவுண்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் அஜ்ஜி.

இந்தத் தாயைக் கல்நெஞ்சக்காரி என்று யாரும் சொல்ல முடியாது. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கே.ஆர். புரம் ரயில் நிலையத்துப் பக்கம் படுத்திருப்பவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பார். கிறிஸ்துமஸுக்கு ஆறு வீட்டுக்கும் கேக்கும் கலகலாவும் போகும், எதிர்வீட்டுக்கும் சேர்த்துத்தான். தினமும் இரவு குடும்ப ஜெபம் உண்டு. இவ்வளவையும் பார்த்து வளர்ந்த பெண் ஏன் அப்படிச் செய்தாள்?

நடந்தது

அந்த மார்ச் பெங்களூரில் யாருக்கும் மறந்திருக்காது. நகரத்தின் வெளிவட்டம் முழுக்க போர்வெல்கள் வற்றின. நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் காவிரி நீர் நகரத்தின் நடுப்பகுதிக்குத்தான் ஓரளவு போய்ச் சேர்ந்தது. புறநகரில் பலருக்கு போர்வெல்லை விட்டால் டேங்கர். டேங்கர்காரர்கள் கேட்டதுதான் விலை. 12,000 லிட்டர் லாரிக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய், பத்து கிலோமீட்டர் வரை 1,200 என்று மாவட்ட நிர்வாகம் வரம்பு கட்ட வேண்டிவந்தது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. ஐந்து ரூபாய் போட்டு 20 லிட்டர் கேன் பிடிக்கும் இடங்களில் ஆளுக்கு ஒரு கேன்தான் என்று போர்டு தொங்கியது.

இந்தக் காம்பவுண்டின் போர்வெல்லும் மாதத் தொடக்கத்திலேயே வற்றிப்போனது. ஆறு வீடும் பங்கு போட்டு டேங்கர் வரவழைத்தார்கள். டேங்கர் வந்த அன்று வீட்டு ஓனர் அரை மணி நேரம் மோட்டார் போடுவார். அதற்குள் அவரவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சம்பவத்தன்று அம்மா காலை டியூட்டி. அப்பா கிளம்பிப் போய்விட்டார். ஆயா உள்ளே ஜெபத்தில். எதிர்வீட்டு மருமகள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் இருந்தாள். அஜ்ஜியால் குடத்தைத் தூக்க முடியவில்லை, மோட்டார் நின்றுவிட்டது. அவர் இரண்டு காலிக் குடங்களோடு இந்த வாசலுக்கு வந்து கன்னடத்தில் கேட்டார். சிறுமி, "நீரு காலி ஆகிதெ அஜ்ஜி" (தண்ணீர் தீர்ந்துவிட்டது பாட்டி) என்றாள். அவ்வளவுதான்.

யாருக்கும் தெரியாமலே போயிருக்க வேண்டிய விஷயம். அடுத்த ஞாயிறு வகுப்பில் நல்ல சமாரியன் பாடம் வந்தது. "இந்த வாரம் யாராவது யாருக்காவது உதவி செய்தீங்களா?" என்று டீச்சர் கேட்க, தம்பி எழுந்து நின்று, "எங்க அக்கா தண்ணி இருந்தும் இல்லைன்னு சொன்னா, டீச்சர்" என்றான். நாலாம் வகுப்புப் பிள்ளைக்குக் கேள்வியின் திசையெல்லாம் முக்கியமில்லை. பாடத்துக்குப் பொருத்தமாக ஒன்று சொல்ல வேண்டும், சொல்லிவிட்டான்.

அக்காவிடம் தனியாகக் கேட்டோம். முதலில் ஸ்கூல் வேனுக்கு நேரமாகிவிட்டது என்றாள். பிறகு, "அம்மாதான் அவங்ககிட்ட வெச்சுக்காதேன்னு சொல்லியிருக்காங்க" என்றாள். அம்மா அதிர்ந்துபோனார். "நான் அப்படி ஒரு நாளும் சொன்னதே இல்லக்கா. பைபிள் மேல கைவெச்சுச் சொல்றேன்."

இருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இந்த நிகழ்வில் என்னை உட்கார வைத்தது.

அவசரமா?

வேன் காரணத்தை எடுத்த எடுப்பில் தள்ளிவிடக் கூடாது. 1973இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் 40 மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்கள் பக்கத்துக் கட்டிடத்துக்குப் போய்ப் பேச வேண்டும். சிலருக்குக் கொடுத்த தலைப்பே நல்ல சமாரியன் உவமை. வழியில் ஒரு ஆள் இருமிக்கொண்டு சுருண்டு கிடப்பான். நேரம் இருக்கிறது என்று நினைத்தவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காடு. சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறவர்கள் என்பது பெரிதாக உதவவில்லை. சிற்றுண்டி, டிபன்பாக்ஸ், ஷிப்ட் என்று காலையில் ஓடுகிற எந்தப் பெங்களூர் வீட்டுக்கும் இது உறைக்க வேண்டிய செய்தி.

ஆனால் இங்கே அது பொருந்தவில்லை. வேன் வந்தது அதற்கு வெகுநேரம் கழித்து என்று தம்பி சொன்னான், அவளும் மறுக்கவில்லை. மேலும், அவசரத்தில் இருக்கிறவள் "அப்புறம் தர்றேன் அஜ்ஜி" என்றிருப்பாள். இவள் டிரம்மைப் போய் மூடிவிட்டு வந்திருக்கிறாள்.

ஸ்டார் சார்ட்

ஞாயிறு பள்ளி உடனே கையிலெடுத்தது எல்லா ஞாயிறு பள்ளியும் எடுப்பதைத்தான்: ஒரு சார்ட். அக்கம்பக்கத்தாருக்கு ஒரு உதவி செய்தால் ஒரு ஸ்டார், பெரியவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், ஈஸ்டரன்று பரிசு. அந்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 31.

சார்ட் நன்றாகவே ஓடியது. அக்காவும் தம்பியும் போட்டி போட்டுக்கொண்டு அஜ்ஜி வீட்டுக்குக் குடம் சுமந்தார்கள். தம்பி குடத்தை இறக்கி வைத்த கையோடு சார்ட்டை நீட்டி அஜ்ஜியிடமே கையெழுத்து வாங்கினான். கன்னடத்தில் நடுங்கும் எழுத்தில் வரிசையாக இருந்ததை நான் பார்த்தேன். ஒருநாள் அஜ்ஜி, போதும், பாத்திரமெல்லாம் நிரம்பிவிட்டது என்றிருக்கிறார். "ப்ளீஸ் அஜ்ஜி, இன்னும் ஒண்ணு" என்று கெஞ்சி ஒரு குடத்தை வைத்துவிட்டு வந்தானாம். ஈஸ்டர் முடிந்தது, பரிசும் கொடுத்தாயிற்று. அடுத்த டேங்கர் வந்த அன்று ஒருவரும் எதிர்வாசல் பக்கம் போகவில்லை.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் தோமசெல்லோ இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், 20 மாதக் குழந்தைகளே கைதவறி விழுந்த பொருளைத் தானாக எடுத்துக் கொடுத்தன. அப்படிக் கொடுத்ததற்குப் பொருளாகப் பரிசு பெற்ற குழந்தைகள், பரிசு பெறாதவர்களைவிடப் பின்னால் குறைவாகவே உதவின. ஆண்டவர் தானாகவே வைத்திருப்பதை நாம் ஸ்டிக்கர் ஒட்டிக் கெடுத்துக்கொண்டிருக்கிறோமோ என்று தோன்றியது. சார்ட்டை அதோடு நிறுத்தினோம்.

கதவு சாத்திய பின்

சரி, அம்மா சொல்லாததை மகள் எங்கே கேட்டாள்? நான் தாயிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். பிள்ளைகளுக்குப் புதிதாக எதையும் போதிக்க வேண்டாம். ஒரு வாரம், கதவு சாத்திய பிறகு அந்த வீட்டைப் பற்றி உங்கள் வீட்டுக்குள் என்ன பேசப்படுகிறதோ அதை அப்படியே எழுதி வையுங்கள். நல்லது கெட்டது பார்க்க வேண்டாம். தினக் காலண்டரில் கிழித்த வசனத் தாள்களின் பின்பக்கம் எழுதிக் கொண்டுவந்தார். அதில் சில:

"நம்ம பக்கெட்ட உள்ள எடுத்து வை. வெளியே கிடந்தா அது அந்த வீட்டுக்குப் போயிடும்." இது ஆயா.

"ரத்தம் குடுப்போம், காவிரி குடுக்க மாட்டோம்னு கோஷம் போடுற ஊரு. டேங்கர் காசும் குடுக்க மாட்டாங்க." தங்கையிடம் போனில், அம்மா. மகள் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாளாம்.

"மண்டியாக்காரங்க எப்பவும் இப்படித்தான்." அப்பா, பைக் நிறுத்தும் இடம் பற்றி.

அந்த வாரத்தில்தான் யுகாதி, ஏப்ரல் 9. எதிர்வீட்டிலிருந்து ஒப்பட்டு (போளி) வந்தது. அம்மா வாசலில் சிரித்த முகத்தோடு வாங்கினார். உள்ளே வந்ததும் ஆயா, "படைச்சதா இருக்கும், வேலைக்கு வர்றவங்ககிட்ட குடுத்துடு" என்றார். கொடுத்தாயிற்று. மூன்று நாள் கழித்து அந்த டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போனது மகள். "எப்படி இருந்தது?" என்று அஜ்ஜி கேட்க, "ரொம்ப சென்னாகித்து" (நன்றாக இருந்தது) என்று சொல்லியிருக்கிறாள். தாய் இதை எழுதிவிட்டு அடியில் கோடு போட்டிருந்தார்.

அந்தத் தாள்களில் "வெச்சுக்காதே" என்ற சொல் எங்கேயும் இல்லை. தேவையும் இல்லை. ரயில் நிலையப் பொட்டலத்தையும் கிறிஸ்துமஸ் கேக்கையும் பிள்ளைகள் பார்த்தார்கள். அவை நாள் குறித்து, உடை மாற்றிக்கொண்டு செய்கிற அன்பு. இந்தப் பேச்சு தினமும் அடுப்படியில் ஓடியது. ஒரு முன்மாதிரிதான் உண்டு, அது நாம் காட்டுவது என்று பெற்றோர் நினைக்கிறோம். இந்தப் பெண் இரண்டு முன்மாதிரிகளைப் பார்த்து, இரண்டையும் சரியாகவே கற்றுக்கொண்டாள்: எதிரே நின்றால் சிரி, உள்ளே வந்தால் மூடு. டிரம்மை மூடியதும் அதுதான், ஒப்பட்டு நன்றாக இருந்தது என்றதும் அதுதான்.

1970இல் ஜேம்ஸ் பிரையன், நான்சி வால்பெக் இருவரும் பிள்ளைகள் மத்தியில் செய்த சோதனை இதன் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. பகிர்ந்து கொடு என்று போதிக்கிற, ஆனால் தான் கொடுக்காத பெரியவரைப் பார்த்த பிள்ளைகள் கையில் அவர் செய்ததைச் செய்தார்கள். வாயில் அவர் சொன்னதைச் சொன்னார்கள். முதல் பரிசு வாங்கிய ஒப்பித்தல் நினைவுக்கு வருகிறதா?

கர்த்தருடைய வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்கிற உபாகமம் ஆறாம் அதிகாரத்தை நாம் வழக்கமாகக் குடும்ப ஜெபத்தோடு முடிச்சுப் போடுகிறோம். ஆனால் அங்கே சொல்லியிருப்பது வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுக்கிறபோதும், எழுகிறபோதும் பேசுகிற பேச்சு. ஜெபம் முடித்து பாயைச் சுருட்டிய பிறகுதான் ஒரு வீட்டில் முக்கால்வாசிப் பேச்சே தொடங்குகிறது.

1991

தாயிடம் ஏன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு 1991 டிசம்பரைச் சொன்னார். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவையொட்டி பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்ட நாட்கள். அவருக்கு எட்டு வயது. வீட்டு வாசலில் தமிழில் எழுதியிருந்த வசனப் பலகையை அப்பா ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியது, விளக்கை அணைத்துவிட்டு எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. 2016 செப்டம்பர் 12ஆம் தேதி தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்ததை டிவியில் பார்த்தபோது மகள் மடியில் இருந்தாளாம்.

இதைப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறீர்களா? "எதுக்குக்கா, பயந்துடுவாங்க."

பிள்ளைகள் பயப்படாமல் இல்லை. காரணம் தெரியாமல் பயந்தார்கள், அதுதான் வித்தியாசம். காரணம் தெரிந்த பயத்தை ஒரு பிள்ளை எடைபோட முடியும்: 1991இல் கல்லெறிந்தவன் வேறு, மூட்டுவலியோடு குடம் தூக்கும் அஜ்ஜி வேறு. காரணமில்லாமல் தொனியாக மட்டும் இறங்குகிற பயத்துக்கு ஒரு முகவரி தேவைப்படுகிறது. பக்கத்தில் இருக்கிற கதவு அந்த முகவரி ஆகிவிடுகிறது. இந்தத் தாய் கண்ட பயம் உண்மை. அதை மன்னித்து மறந்துவிடு என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, சொல்லவும் இல்லை. லேவியராகமம் 19இல் அந்நியனில் அன்புகூரச் சொல்கிற இடத்தில்கூட, நீங்களும் எகிப்தில் அந்நியராயிருந்தீர்களே என்று பழைய காயத்தையும் நினைவுபடுத்தித்தான் கர்த்தர் பேசுகிறார்.

பிறகு தாய் பிள்ளைகளிடம் 1991ஐச் சொன்னார். மகள் கேட்ட முதல் கேள்வி: "அப்போ அஜ்ஜி எங்கே இருந்தாங்க?" மண்டியாவில், கரும்புத் தோட்டத்தில் கூலி வேலையில். இதைத் தெரிந்துகொள்ள மகள் போய் அஜ்ஜியிடமே கேட்டாள்.

அஜ்ஜி சொன்ன பதில்

ஏப்ரல் கடைசியில் ஒரு மாலை தாய் மகளைக் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். இது அவருடைய முடிவு. நான் சொல்லிச் செய்ததல்ல. கன்னடத்தில் நேரடியாகச் சொன்னார்: அன்றைக்கு எங்கள் வீட்டில் தண்ணீர் இருந்தது, பிள்ளை இல்லை என்றுவிட்டாள், அது எங்கள் வீட்டுப் பேச்சில் கற்றுக்கொண்டது, தப்பு என்னுடையது.

அஜ்ஜி கட்டிப்பிடிக்கவும் இல்லை, கண்ணீர் விடவும் இல்லை. "கொத்தித்தம்மா" என்றார். தெரியுமாம். டிரம் மூடி விழுந்த சத்தம் வாசல் வரை கேட்டதாம். பிறகு, இனி டேங்கர் வரும் நாளில் தன் இரண்டு குடத்தை முதலில் பிடித்து வைக்கச் சொன்னார். மன்னிப்பு கேட்க வந்தவளுக்கு உடனே ஒரு வேலையைக் கொடுத்ததை அஜ்ஜியின் சாமர்த்தியம் என்பேன். அடுத்த டேங்கருக்கு ஹோஸ் பைப்பைப் பிடித்தது தம்பி. சார்ட் இல்லை.

மகளைப் பொறுத்தவரை, பிரசங்கத்தைவிட அந்த ஐந்து நிமிடம் பெரிது என்று நினைக்கிறேன். தன் அம்மா தன்னைத் திட்டாமல், தன் பொருட்டு இன்னொரு வாசலில் நின்று தலைகுனிந்ததை அவள் பார்த்தாள். பொட்டலம் கொடுப்பதில் கொடுக்கிறவர் உயரத்தில் நிற்கிறார், பிள்ளையும் கூடவே உயரத்தில் நிற்கிறது. இங்கே இருவரும் கீழே நின்றார்கள்.

மாறாதவை

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது சாட்சிக் கூட்டத்துக் கதை ஆகிவிடும். மகள் இன்றும் அஜ்ஜி வீட்டுக்குள் போய் உட்காருவதில்லை, வாசலோடு சரி. தம்பி அங்கேதான் கிரிக்கெட் பார்க்கிறான்.

ஆயா மாறவில்லை. செப்டம்பரில் கௌரி-கணேசா பண்டிகைக்குக் கடுபு (கொழுக்கட்டை) வந்தபோது, தாய் பிள்ளைகள் எதிரே உட்கார்ந்து ஒன்றை எடுத்துச் சாப்பிட்டார். உங்கள்முன் வைக்கப்படுகிறதை மனச்சாட்சியினிமித்தம் ஒன்றும் விசாரியாமல் புசியுங்கள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது அவருக்குப் போதுமானதாக இருந்தது. ஆயா தொடவில்லை. அதே பவுல்தான் பலவீனமான மனச்சாட்சியை மிதிக்காதே என்றும் எழுதினார். பிள்ளைகளிடம் தாய், "ஆயாவுக்கு அது மனசாட்சி. சாப்பிடாம இருக்கட்டும். ஆனா இனிமே சாப்பிட்டேன்னு பொய் சொல்ல வேணாம்" என்றார். இறையியல் பட்டம் உள்ளவர்கள் இதைவிடத் தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

பெற்றோர் சந்திப்பில் இந்த நிகழ்வைப் பேர் சொல்லாமல் வைத்தபோது ஒரு தகப்பனார் எரிச்சலோடு கேட்டார்: "வெளியேதான் வாயை அடக்கிக்கிட்டு இருக்கோம். வீட்டுக்குள்ளயும் பேசக் கூடாதா?" நியாயமான கேள்வி. பேசாமல் இருந்தால் புழுக்கம்தான் மிஞ்சும். பக்கத்து வீட்டுக்காரர் பைக்கைக் குறுக்கே நிறுத்தினால் குறுக்கே நிறுத்தினார் என்று பேசலாம், கோபப்படலாம், போய்க் கேட்கலாம். அவர் ஊரையும் மொழியையும் இழுக்காமல் அந்த ஒரு ஆளைப் பற்றிப் பேச முடிகிறதா என்பதைத்தான் பார்க்கச் சொன்னேன். அவர் ஒத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

2025 கோடையில் இந்தக் காம்பவுண்டில் டேங்கர் காசு பற்றி ஒரு சண்டை வந்தது. வீட்டுக்கு ஒரு பங்கா, தலைக்கு ஒரு பங்கா? காம்பவுண்டில் பேச்சிலர் பையன்கள் சேர்ந்து தங்கியிருந்த வீட்டை மனதில் வைத்து இந்தக் குடும்பத்து அப்பா தலைக்கணக்கு கேட்டார். பால் குடிக்கிற குழந்தைக்கும் தலைக்கணக்கா என்று கேப் ஓட்டுகிற எதிர்வீட்டுக்காரர் கத்தினார். காம்பவுண்டுப் பிள்ளைகள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அன்று இரவு சாப்பிடும்போது அப்பா, "அந்த ஆளுக்குக் கணக்கே தெரியல" என்று பொருமினாராம். மண்டியாக்காரங்க என்று வரவில்லை. இதைச் சொல்லிவிட்டு, "இது முன்னேற்றமாக்கா?" என்று சிரித்தார் தாய். முன்னேற்றம்தான் என்றேன். கணக்கு எழுத உட்கார்ந்தது மகள். குழந்தைக்கு அரைப் பங்கு என்று அவள் போட்டதை இரண்டு தரப்பும் இன்னும் முழுசாக ஏற்கவில்லை.